டைனோசர் பல்லுக்குள் பார்ப்பது எப்படி?

டைனோசர் பல்லை உயர் பிரிதிறனில் படமெடுத்தார்கள் என்று செய்தி வரும்போது, கூடவே ஒரு படமும் வரும். கறுப்புப் பின்னணியில் ஒரு பல் மிதக்கும். வெளிப்புறம் நீலம், உட்புறம் ஆரஞ்சு. பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களை நம்பிவிடுகிறார்கள். மிகச் சிறந்த கேமராவை மிக அருகில் வைத்து எடுத்த புகைப்படம் இது என்பது ஒன்று. அந்தப் பல் உள்ளே நிஜமாகவே அந்த நிறங்களில் இருக்கும் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு.

இந்தத் தவறு என்னை உறுத்துவதற்குக் காரணம், உண்மை அதைவிட எவ்வளவோ அழகானது. அந்தப் படத்தைப் பெறப் பல்லை யாரும் புகைப்படம் எடுக்கவில்லை. அதன் நிழல்களை ஆயிரக்கணக்கில் பிடித்து, அவற்றிலிருந்து கணக்குப் போட்டு, உள்ளே எங்கே எவ்வளவு அடர்த்தி என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அது எப்படி முடிகிறது என்பதை அன்றாடம் பார்க்கும் பொருள்களில் தொடங்கிப் பார்ப்போம்.

பல்லுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

ஒரு தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கடினமான ஓடு, உள்ளே பருப்பு, நடுவில் நீர் நிற்கும் குழி. பல்லின் அமைப்பும் ஏறத்தாழ இதுதான். ஓட்டின் இடத்தில் இருப்பது எனாமல். உடலில் உள்ள திசுக்களிலேயே மிகக் கடினமானது அது. எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். டைனோசர்களில் இது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய உறை. பருப்பின் இடத்தில் இருப்பது டென்டின்; பல்லின் பெரும்பகுதி இதுவே. இதில் தாது சற்றுக் குறைவு, புரதம் அதிகம். நடுக்குழியில் உயிருள்ள பல்லில் இரத்த நாளங்களும் நரம்பும் இருக்கும்.

எனாமல் இவ்வளவு கடினம் என்பதால், எலும்புகள் சிதைந்துபோன இடங்களிலும் பல் தங்கிவிடுகிறது. அது மட்டுமல்லாமல், நமக்குப் பால்பல் விழுந்தபின் ஒரே ஒரு முறைதான் மறுபடி முளைக்கும். டைனோசர்களுக்கு வாழ்நாள் முழுக்க முளைத்துக்கொண்டே இருந்தது. ஒரே விலங்கு நூற்றுக்கணக்கான பற்களை மண்ணில் உதிர்த்துவிட்டுப் போயிருக்கும். கிடியன் மேன்டெல் 1825-இல் இகுவானோடான் என்ற டைனோசருக்குப் பெயர் வைத்ததே இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் கிடைத்த பற்களைக் கொண்டுதான்.

நம் பக்கத்திலும் ஒரு சான்று உண்டு. அரியலூர் மாவட்டத்தின் கல்லமேடு பாறைப் படிவில் கிடைத்த ஒரே ஒரு பல்லை 2013-இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். ட்ரூடான்டிட் எனும் டைனோசர் குடும்பம் இந்தியாவிலும் வாழ்ந்தது என்பதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம் அந்தப் பல்தான். அதுவரை அந்தக் குடும்பம் வடக்குக் கண்டங்களுக்கு உரியதாகவே கருதப்பட்டது.

ஒரு குடும்பத்தின் வரலாறே ஒரு பல்லைப் பொறுத்து நிற்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அதை உடைக்க யாருக்குத்தான் மனம் வரும்? உடைக்காமல் பார்க்கும் வழிகள் தேடப்பட்டது இதனால்தான்.

பிரிதிறன் என்பது பெரிதாக்குவது ஆகாது

இரவில் நெடுஞ்சாலை ஓரம் நின்று பாருங்கள். தொலைவில் ஒரு வண்டி வருகிறது. ஒரே ஒரு ஒளிப்புள்ளிதான் தெரிகிறது. பைக்கா, லாரியா? சொல்ல முடியாது. அருகே வர வர அந்தப் புள்ளி இரண்டாகப் பிரிகிறது. லாரிதான் என்று அப்போது தெரிந்துவிடுகிறது. அருகருகே இருக்கும் இரண்டை இரண்டாகவே காட்டும் திறனைத்தான் பிரிதிறன் என்கிறோம்.

தொலைவில் ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்தபோதே படமெடுத்து, அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? சுவர் அளவுக்கு ஒரு மங்கலான ஒளி கிடைக்கும். விளக்கு இரண்டாகாது. பெரிதாக்குவது யாராலும் முடியும். பிரித்துக் காட்டுவதுதான் கடினம்.

கோலம் போடுகிறவர்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். ஒரே அளவு வாசலில் 7 புள்ளி வைத்தால் ஒரு பூ வரையலாம்; மயிலின் கழுத்து வளைவு வேண்டுமென்றால் 21 புள்ளியாவது நெருக்கமாக வைக்க வேண்டும். ஸ்கேன் படத்திலும் புள்ளிகள் உண்டு. ஆனால் அவை தட்டையாக இல்லாமல், சர்க்கரைக் கட்டிகளை அடுக்கியதுபோல நீளம், அகலம், உயரம் மூன்றும் கொண்ட சிறு கனசதுரங்களாக இருக்கும். இவற்றுக்கு வாக்ஸல் என்று பெயர். வாக்ஸல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நுணுக்கம் தெரிய வாய்ப்பு உண்டு.

இங்கே ஓர் அளவையும் அறிந்துகொள்வோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 100 மைக்ரான். மருத்துவமனை சி.டி. ஸ்கேனின் வாக்ஸல் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான். ஆய்வகங்களில் உள்ள மைக்ரோ சி.டி. கருவியில் அது சில மைக்ரான் வரை இறங்கும்.

சுருக்கமாக: பிரிதிறன் என்பது பிரித்துக் காட்டும் திறன், வாக்ஸல் என்பது முப்பரிமாணப் புள்ளி, மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நிழல்களிலிருந்து உருவம்

தோல்பாவைக் கூத்தில் திரைக்கு இந்தப் பக்கம் நாம் காண்பது நிழலை மட்டுமே. பாவையின் வெளிக்கோடு தெரியும். தோல் மெல்லியதாக உள்ள இடத்தில் ஒளி கொஞ்சம் கசியும். எக்ஸ்ரே படமும் அத்தகைய ஒரு நிழல்தான். எக்ஸ் கதிர் ஒரு பொருளுக்குள் புகுந்து வெளியேறும்போது, அடர்த்தியான இடங்களில் அதிகமாகவும் மற்ற இடங்களில் குறைவாகவும் உறிஞ்சப்படுகிறது. மறுபக்கம் வந்து சேர்ந்த கதிரின் அளவைக் கருவி பதிவு செய்கிறது.

ஒரு நிழலை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல முடியாது. ஆகவே பல்லைச் சற்றே திருப்பி இன்னொரு நிழல், மீண்டும் திருப்பி மற்றொரு நிழல் என்று ஒரு முழுச் சுற்றில் ஆயிரம் முதல் மூவாயிரம் நிழல்கள் வரை எடுக்கிறார்கள். மருத்துவமனையில் நாம் அசையாமல் படுத்திருக்க, கருவி நம்மைச் சுற்றும். மைக்ரோ சி.டி.யில் கருவி நிற்கும், பல் சுழலும். நோயாளிக்குக் கதிர் அதிகம் படக்கூடாது என்ற கவலை இங்கே இல்லாததால், ஒரு பல்லை மணிக்கணக்கில் நிதானமாக ஸ்கேன் செய்யலாம்.

நிழல்களிலிருந்து உள்ளமைப்பைக் கணக்கிடுவது மாயமில்லை. ஒரு தாளில் சிறு கணக்காகவே செய்து பார்க்கலாம். இரண்டு வரிசை, இரண்டு நிரல் என நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண் மறைந்திருக்கிறது. மேல் வரிசையின் கூட்டுத்தொகை 5, கீழ் வரிசையின் கூட்டுத்தொகை 9, இடது நிரல் 7, வலது நிரலும் 7 என்று மட்டும் சொல்கிறேன். எண்களைக் கண்டுபிடிக்க முடியுமா? மேலே 1, 4, கீழே 6, 3 என்றால் பொருந்துகிறது. மேலே 0, 5, கீழே 7, 2 என்றாலும் பொருந்துகிறது. இப்போது, மேல் இடது மூலையையும் கீழ் வலது மூலையையும் கூட்டினால் 4 என்று இன்னொரு தகவல் தருகிறேன். உடனே முதல் விடை மட்டும்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு நிழலும் இப்படி ஒரு திசையின் கூட்டுத்தொகை. கோணங்கள் கூடக் கூடச் சந்தேகம் குறைகிறது. நான்கு கட்டங்களுக்குப் பதிலாக நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் கட்டங்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 800 கோடி வாக்ஸல்கள். அத்தனைக்கும் விடை கண்டுபிடிப்பது கணினியின் வேலை. இந்த வழியை மருத்துவத்துக்குக் கொண்டுவந்ததற்காக ஆலன் கார்மக்குக்கும் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, ஸ்கேனிலிருந்து வருவது 800 கோடி எண்கள். ஒவ்வோர் எண்ணும் ஒரு சிறு கனசதுரம் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுத்தது என்பதைச் சொல்கிறது. படம் என்பது அந்த எண்களைக் கண்ணுக்குக் காட்டும் ஏற்பாடு.

இந்த இடத்தில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. கருவியின் உணரியில் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாதது. அகலத்தில் இரண்டாயிரம் புள்ளி என்றால், 2 சென்டிமீட்டர் பல்லை வைக்கும்போது ஒரு வாக்ஸல் 10 மைக்ரான் ஆகும். அதே கருவியில் 20 சென்டிமீட்டர் தாடையை வைத்தால் 100 மைக்ரான் ஆகிவிடும். வாசல் பெரிதாகி, புள்ளிகள் அதே எண்ணிக்கையில் இருந்தால் இடைவெளி கூடத்தானே செய்யும்? முழுத் தாடையையும் பார்க்க வேண்டுமா, ஒரு பல்லின் நுணுக்கத்தைப் பார்க்க வேண்டுமா என்பதை ஆய்வாளர் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

பாலில் விழுந்த சோறு

வாக்ஸலைச் சிறியதாக்கிவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற எண்ணமும் சரியில்லை. பாலில் விழுந்த சோற்றுப் பருக்கையை எத்தனை கூர்மையான கண்ணாலும் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் வெள்ளை. பிரிதிறனோடு நிற வேறுபாடும் வேண்டும். எக்ஸ் கதிருக்கு அது அடர்த்தி வேறுபாடு.

புதைபடிவங்களில் இது பெரிய தொல்லை. டென்டினில் நுண்ணிய துளைகள் நிறைய உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிலத்தடி நீர் கொண்டுவந்த தாதுக்கள் அவற்றில் நிறைந்து, டென்டினும் எனாமலும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்திக்கு வந்துவிடலாம். சுற்றியுள்ள பாறையும் அதே அடர்த்தியில் இருந்தால் பல் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்பதே மங்கிவிடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. வெயில் நேரத்தில் தண்ணீர்த் தொட்டியின் அடியைப் பாருங்கள். ஒளிக்கோடுகள் வலைபோல் அசைந்துகொண்டிருக்கும். தெளிந்த நீர் ஒளியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. இருந்தும் மேற்பரப்பின் சிற்றலைகள் ஒளியைச் சற்றே வளைத்துவிடுவதால் அடியில் வெளிச்சமும் இருட்டும் உண்டாகின்றன. எக்ஸ் கதிரும் அப்படித்தான். ஒரு திசுவிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் எல்லையில் அது மிக மிகச் சிறிதளவு திசை மாறும். பல்லுக்கும் உணரிக்கும் நடுவே தூரத்தைக் கூட்டினால், அந்த எல்லைகள் ஒளிக்கோடுகளாகத் துலங்கும். இதைக் கட்ட வேறுபாட்டுப் படமெடுப்பு என்கிறார்கள். உறிஞ்சுதலில் வேறுபாடு இல்லாத இடத்திலும் எல்லைக்கோட்டை இது காட்டிக்கொடுக்கும்.

இந்த முறை நன்றாக அமைய, எக்ஸ் கதிர் மிகப் பிரகாசமாகவும் அலைகள் ஒழுங்காகவும் இருக்க வேண்டும். அதைத் தருவது சிங்க்ரோட்ரான். எலெக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஒரு பெரும் வளையத்தில் ஓடவிட்டு, அவை வளையும்போது வெளிவிடும் எக்ஸ் கதிரைப் பயன்படுத்தும் நிலையம் அது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் நிலையத்தின் வளையம் 844 மீட்டர் சுற்றளவு கொண்டது. கட்டைவிரல் அளவுப் பொருளைப் பார்க்க, சுற்றிவர பத்து நிமிடம் நடக்க வேண்டிய ஒரு கருவி!

அங்கே ஸ்கேன் செய்யப்பட்டவற்றில் என்னை மிகவும் கவர்ந்தவை மாசோஸ்பாண்டிலஸ் என்ற டைனோசரின் கருக்கள். 1976-இல் தென்னாப்பிரிக்காவில் முட்டைகளோடு கிடைத்தவை. வயது சுமார் 20 கோடி ஆண்டு. ஒவ்வொரு மண்டையோடும் 2 சென்டிமீட்டர்தான். பாறையை விட்டுப் பிரிக்காமலே ஸ்கேன் செய்தார்கள். 2020-இல் வெளியான முடிவில், ஒரே கருவில் இருவகைப் பற்கள் தெரிந்தன. ஒருவகை, வளர்ந்த விலங்கின் பல்லைப் போன்றது. மற்றது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத எளிய கூம்பு. முட்டையிலிருந்து வெளிவரும் முன்பே உடலில் கரைந்தோ விழுந்தோ போயிருக்க வேண்டிய பல். இன்றைய பல்லி இனங்களின் கருவிலும் இத்தகைய பற்கள் உண்டு. உலகைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பல் முளைத்து மறைவதை, 20 கோடி ஆண்டு கழித்து நாம் பார்த்துவிட்டோம்.

தங்கம் பூசிய பல்

உள்ளே பார்க்காமல் மேற்பரப்பின் மிக நுண்ணிய அமைப்பைப் பார்க்க வேண்டுமானால் எலெக்ட்ரான் நுண்ணோக்கி போதும். சாதாரண நுண்ணோக்கியால் ஒளி அலையின் நீளத்தைவிட மிகச் சிறியவற்றைப் பிரித்துக் காட்ட இயலாது. உள்ளங்கையால் தடவினால் கல்வெட்டின் எழுத்து தெரியாது, விரல் நுனியால் தடவினால் தெரியும் அல்லவா? எலெக்ட்ரான் கற்றை அந்த விரல் நுனி. மின்சாரம் தேங்கிப் படத்தைக் கெடுக்காமல் இருக்க, பல்லின் மேல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தங்கப் பூச்சு பூசுவார்கள்.

ஊன் உண்ணும் டைனோசர்களின் பல் விளிம்பு பனங்கருக்குப் போல அரம் அரமாக இருக்கும். ஒவ்வோர் அரத்தின் அடியிலும் உள்ளே ஓடும் கோடுகளை விரிசல் என்றே முன்பு சிலர் கருதினார்கள். 2015-இல் கிர்ஸ்டின் பிரிங்க் குழுவினர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியாலும் சிங்க்ரோட்ரானாலும் ஆராய்ந்து, அவை பல் வளரும்போதே உருவான திசு மடிப்புகள் என்று காட்டினார்கள். பல் வெளிவருவதற்கு முன்பே அவை இருந்தன. அரம் எளிதில் தேயாமலும் உடையாமலும் இருக்க அவை உதவின.

பல்லுக்குள் ஒரு நாள்காட்டி

மரத்தில் ஆண்டு வளையம் இருப்பதுபோல, டென்டினில் நாள் கோடு உண்டு. டென்டின் ஒவ்வொரு நாளும் ஓர் அடுக்காகப் படிகிறது. அடுக்குகளுக்கு இடையே மெல்லிய கோடு விழுகிறது. கண்டறிந்தவர் பெயரால் அவை வான் எப்னர் கோடுகள். டைனோசர்களில் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரான் இடைவெளி.

நாளுக்கு ஒரு கோடுதான் என்று எப்படி நம்புவது? கிரெகரி எரிக்சன் என்ற ஆய்வாளர் உயிருள்ள அலிகேட்டர் முதலைகளுக்கு, பல்லில் அடையாளம் பதிக்கும் வேதிப்பொருளைச் செலுத்தினார். அடையாளங்களுக்கு இடையே எத்தனை நாள் சென்றதோ அத்தனை கோடு இருந்தது. பிறகு டைனோசர் பற்களுக்குத் திரும்பினார்.

ஒரு வீட்டில் அண்ணனுக்கு 9 வயது, தம்பிக்கு 6 வயது என்றால் இருவர் பிறப்புக்கும் இடைவெளி 3 ஆண்டு. தாடையில் பயன்பாட்டில் உள்ள பல் அண்ணன், அதன் அடியில் காத்திருக்கும் பல் தம்பி. முன்னதன் கோடுகளிலிருந்து பின்னதன் கோடுகளைக் கழித்தால், எத்தனை நாளுக்கு ஒரு பல் மாறியது என்று தெரியும். 1996-இல் எரிக்சன் வெளியிட்ட கணக்குப்படி டைரனோசாரஸ் ரெக்ஸுக்கு 777 நாள். 2013-இல் மற்றொரு குழு, தாவரம் உண்ட டிப்ளோடோகஸுக்கு 35 நாள், கேமராசாரஸுக்கு 62 நாள் என்று கண்டது. பிந்தைய இரண்டும் ஒரே காலத்தில் ஒரே நிலத்தில் மேய்ந்தவை. மாதம் ஒரு பல் தேய்கிறது என்றால் மண்ணும் மணலும் கலந்த தரைச் செடிகளை டிப்ளோடோகஸ் தின்றிருக்கலாம் என்ற ஊகம் இங்கிருந்து பிறக்கிறது.

இப்போது எண்ணிப் பாருங்கள்: இந்தக் கோடுகளை எண்ண மைக்ரோ சி.டி. போதுமா? பெரும்பாலும் போதாது. வாக்ஸல் சிறியதுதான், ஆனால் கோட்டுக்கும் அடுத்த அடுக்குக்கும் அடர்த்தி வேறுபாடு மிகக் குறைவு. பாலில் விழுந்த சோறேதான். எனவே பல்லை அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் எண்ணும் பழைய வழி இன்றும் வாழ்கிறது. புதிய கருவி வந்ததும் பழையது ஒழிந்துவிடும் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டையும் சேர்த்து ஆள்வதுதான் திறமை. 2019-இல் மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ் என்ற டைனோசரை ஆராய்ந்தவர்கள், தனியாகக் கிடைத்த சில பற்களை மட்டும் அறுத்து, எவ்வளவு நீளப் பல்லுக்கு எத்தனை நாள் வயது என்ற உறவைக் கண்டுபிடித்தார்கள். பிறகு முழுத் தாடைகளை சி.டி. ஸ்கேன் செய்து, உள்ளே மறைந்திருந்த பற்களின் நீளத்தை அளந்தார்கள். நீளத்திலிருந்து வயது வந்தது, வயதிலிருந்து இடைவெளி வந்தது: 56 நாள். ஒரு தாடையைக்கூட உடைக்கவில்லை.

இதே கோடுகளைக் கருக்களில் எண்ணியதும் உண்டு. 2017-இல் எரிக்சன் குழு மங்கோலியாவின் புரோட்டோசெராடாப்ஸ், கனடாவின் ஹைபக்ரோசாரஸ் ஆகியவற்றின் கருப் பற்களை ஆராய்ந்தது. பல் தோன்றுவதற்கு முந்தைய நாட்களையும் மதிப்பிட்டுச் சேர்த்தபோது, முதலாவதுக்கு முட்டையில் ஏறத்தாழ 3 மாதம், இரண்டாவதுக்கு ஏறத்தாழ 6 மாதம் என்று வந்தது. பறவைகளைப் போல விரைவில் பொரித்திருக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது; ஊர்வனவற்றின் நிதானமே தெரிந்தது.

நீலமும் ஆரஞ்சும் யார் தீட்டியவை?

தொடக்கத்தில் சொன்ன படத்துக்கு வருவோம். ஸ்கேன் தரும் எண்கள் சாம்பல் நிறச் சாயல்களாக மட்டுமே தெரியும். அதில் எது எனாமல், எது டென்டின், எது பாறை என்று ஒருவர் உட்கார்ந்து, வெட்டுமுகம் வெட்டுமுகமாகப் பார்த்து எல்லை வரைகிறார். கணினி உதவும், சில நேரம் தவறும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நீலம் என்பது "இது எனாமல் என்று கருதுகிறோம்" என்பதற்கான குறி. நிஜப் பல் பெரும்பாலும் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். அந்த நிறம்கூட மண்ணின் தாதுக்கள் கொடுத்ததுதான்.

எல்லை வரைவது ஒரு தீர்ப்பு. எனவே எந்த அளவு வாக்ஸல், எப்படிப் பிரித்தார்கள் என்பதை நல்ல ஆய்வுக் கட்டுரைகள் தெளிவாக எழுதிவைக்கும்.

எவ்வளவு தெளிவாக எடுத்தாலும் தெரியாதது

2024-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆரன் லெப்ளாங்க் குழு, கொமோடோ உடும்பின் பற்களில் அரம் போன்ற விளிம்பும் நுனியும் இரும்புச் செறிவால் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதைக் கண்டது. உடனே எழும் கேள்வி, டைரனோசாரஸுக்கும் அப்படி இருந்ததா என்பது. டைனோசர் பற்களிலும் தேடிப் பார்த்தார்கள். உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை. மண்ணில் கிடந்த காலத்தில் இரும்பு உள்ளே புகுந்தும் இருக்கலாம், இருந்தது கரைந்து வெளியேறியும் இருக்கலாம். கருவி இரும்பைக் காட்டினால்கூட, அது விலங்கு வைத்ததா மண் வைத்ததா என்று அந்த இரும்பு சொல்லாது. ஆனால் தேடலின் போது வேறொன்று தெரிந்தது: டைரனோசாரஸ் இனங்களின் வெட்டு விளிம்பில் எனாமலின் அமைப்பே மற்ற இடங்களிலிருந்து மாறுபட்டிருந்தது. விளிம்பைக் கூர்மையாக வைத்திருக்க உடும்பு இரும்பால் செய்ததை, அவை எனாமலின் அமைப்பை மாற்றிச் செய்துகொண்டிருக்கலாம் என்று இப்போது ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.